'தி ஜோக்கர் இஸ் வைல்ட்' படத்தில் சினாட்ரா நிஜமாகவே தளத்தில் நின்று பாடினாரா?

கேள்வி இதுதான்: 1957-ல் வந்த 'தி ஜோக்கர் இஸ் வைல்ட்' படத்தின் பாட்டுகளை ஃபிராங்க் சினாட்ரா படப்பிடிப்புத் தளத்திலேயே பாடிப் பதிவு செய்தார் என்று படித்தேன், அது உண்மையா? உண்மையென்றால் 'ஆல் த வே' பாட்டு இசைத்தட்டில் ஒரு மாதிரியும் படத்தில் வேறு மாதிரியும், சுருதிகூடச் சற்று ஏறியும் கேட்பது ஏன்? கடைசியாக, சினாட்ரா அதில் நடித்த நகைச்சுவைக் கலைஞர் ஜோ இ. லூயிஸின் கதை நிஜமாகவே நடந்ததா? மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். இந்தப் படத்தில் எதை நம்பலாம், எதைப் படத்துக்காகச் செய்தது என்று எடுத்துக்கொள்ளலாம் என்பதே நீங்கள் கேட்பது. ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் பதில்: கதையின் எலும்பு உண்மை, சதை சரிசெய்யப்பட்டது. ஆனால் குரல் பெரும்பாலும் அந்த இடத்தில் அந்த நொடியில் எழுந்த குரல். படத்தில் மிகவும் நம்பத்தகுந்தது அதுதான்.

கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஜோ இ. லூயிஸ் 1902-ல் நியூயார்க்கில் பிறந்தவர், இயற்பெயர் ஜோசப் க்ளூவன். 1927-ல் சிகாகோவின் கிரீன் மில் கிளப்பில் பாடகராகவும் நகைச்சுவைக்காரராகவும் கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தார். மதுவிலக்குக் காலம் அது. கள்ளச்சாராயப் பணம் புரண்ட கிளப்புகளில் யார் எங்கே பாடுவது என்பதையும் சாராயக் கும்பல்களே முடிவு செய்தன. ரெண்டெவூ என்ற இன்னொரு கிளப் கூடுதல் சம்பளம் தருவதாகக் கூப்பிட, லூயிஸ் அங்கே மாறினார். கிரீன் மில்லில் பங்கு வைத்திருந்ததாகச் சொல்லப்படுபவர் 'மெஷின் கன்' ஜாக் மக்கர்ன், சிகாகோ கும்பல் தலைவர் அல் கபோனின் ஆள். போகாதே என்ற மிரட்டலை லூயிஸ் மதிக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில், புதிய கிளப்பில் மேடையேறத் தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரத்தில், காமன்வெல்த் ஹோட்டலில் அவர் தங்கியிருந்த அறைக்குள் மூன்று பேர் புகுந்தார்கள். துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடித்து, கத்தியால் முகத்தையும் தொண்டையையும் நாக்கையும் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பிழைத்தது பெரிய விஷயம். மறுபடி பேசக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பழைய பாட்டுக் குரல் திரும்பவில்லை. இவ்வளவும் உறுதியானது.

சம்பளக் கணக்கில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். வாரம் 650 டாலரிலிருந்து 1,000 டாலருக்குப் போனார் என்றும், பிற்பாடு கபோன் 10,000 டாலர் கொடுத்து உதவினார் என்றும் எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். இரவு விடுதி உலகத்தில் ஒரு கதை மேடையில் பலமுறை சொல்லப்பட்ட பிறகுதான் தாளுக்கு வரும். தொகைகளை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். தாக்கியது மக்கர்னின் ஏவலால் என்பதும் எல்லாரும் நம்பிய செய்திதான், ஆனால் அதற்காக அவர் எந்த நீதிமன்றத்திலும் தண்டிக்கப்படவில்லை. 1936 பிப்ரவரியில் மக்கர்ன் சுட்டுக் கொல்லப்பட்டார். கிரீன் மில் மட்டும் சிகாகோவின் அப்டவுன் பகுதியில் இன்றும் ஜாஸ் கிளப்பாக நடக்கிறது.

படம் என்ன மாற்றியது என்பதைவிட ஏன் மாற்றியது என்பது பயனுள்ள கேள்வி. ஆர்ட் கோன் எழுதிய லூயிஸ் வாழ்க்கை வரலாறு 1955-ல் வந்தது. அதைப் படித்துவிட்டு உரிமையை வாங்கியவர் சினாட்ராதான். இயக்கியவர் சார்லஸ் விடோர். இந்தப் படத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ரூத் எட்டிங் என்ற பாடகியின் வாழ்க்கையை 'லவ் மீ ஆர் லீவ் மீ' என்று எடுத்திருந்தார். அதாவது பாடகர், ரவுடி, மேடை என்ற முக்கோணம் அவருக்குக் கைவந்தது. இங்கே நினைவில் வைக்க வேண்டியது, படம் வந்தபோது லூயிஸ் 55 வயதில் உயிரோடு, நியூயார்க் கோப்பகபானாவிலும் லாஸ் வேகஸ் எல் ராஞ்சோவிலும் மேடையேறிக்கொண்டிருந்தார் என்பது. உயிரோடிருப்பவரைப் பற்றி எடுக்கும் படத்துக்கு அவருடைய சம்மதம் வாங்குவது வழக்கம். அவரைச் சுற்றியிருந்தவர்கள் பெயரைப் பயன்படுத்தினால் அவர்கள் சம்மதத்தையும் வாங்குவார்கள். லூயிஸ் 1946-ல் மணந்து இரண்டே ஆண்டில் பிரிந்த மார்த்தா ஸ்டீவர்ட் சொந்தப் பெயரிலேயே வருகிறார் (மிட்ஸி கெய்னர் நடித்தது), பியானோக் கலைஞர் ஆஸ்டின் மேக்கும் அப்படியே வருகிறார் (எடி ஆல்பர்ட்), ரவுடிக்கு வேறு பெயர். சோஃபி டக்கர் தானாகவே வந்து நடித்துவிட்டுப் போகிறார். ஜீன் கிரெய்ன் நடித்த செல்வந்தர் வீட்டுப் பெண்ணின் காதல் பகுதியை வரலாறாக எடுத்துக்கொள்ளாமல் நாடகமாகவே பார்ப்பது நல்லது. குடியும் சூதாட்டமும் நிஜம். அவை இவ்வளவு ஒழுங்காக ஒரு பெண்ணை இழந்து இன்னொரு பெண்ணையும் இழக்கும் வரிசையில் வந்தது திரைக்கதையின் வேலை.

குரலைப் பற்றி ஒரு சிறு விளக்கம், ஏனென்றால் படத்தின் மையமே அது. பேச்சுக்குக் குரல்நாண்கள் ஏறக்குறைய அரை ஸ்தாயி எல்லைக்குள் அசைந்தால் போதும். காற்று கொஞ்சம் கசிந்தாலும் பேச்சு புரியும், கரகரப்பு என்று சொல்லிவிடுவோம். மெதுவான காதல் பாட்டுக்கு அது போதாது. ஒரு ஸ்தாயிக்கு மேல் இழுபட வேண்டும், நீண்ட சுரம் முழுக்க நாண்கள் சரியாக மூடித் திறக்க வேண்டும். தழும்பு விழுந்து விறைத்த இடத்தில் அந்த அலை நிற்கும், சுருதி உடையும். லூயிஸ் அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பேசிப் பிழைத்தார் என்பதால் குரல்நாண் அடியோடு போகவில்லை என்று ஊகிக்கலாம். இது ஊகம், மருத்துவக் குறிப்பு அல்ல. சினாட்ராவுக்கு இந்தப் பயம் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. 1950-ல் அதே கோப்பகபானா மேடையில் தொண்டையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, பாட வாயைத் திறந்தபோது சத்தமே வராமல் இறங்கிப் போனவர் அவர். குரல் போன பாடகனாக நடிக்க அவர் இந்தப் புத்தகத்தைத் தேடி வாங்கியதில் ஆச்சரியமில்லை.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. அந்தக் காலத்து ஹாலிவுட்டில் (பாட்டுப் படமாக்குவதில் இன்றும் உலகமெங்கும்) வழக்கமான முறை பிளேபேக். இசைக்கூடத்தில் வாத்தியக் குழுவோடு பாடகர் முன்கூட்டியே பாடிவிடுவார். நல்ல டேக்குகளை (ஒரு டேக் என்பது ஒருமுறை பாடி அல்லது நடித்து எடுத்த பதிவு) வெட்டி ஒட்டி ஒரே பதிவாக்குவார்கள். தளத்தில் அதை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு நடிகர் வாயசைப்பார். கேமரா, பதிவு ஓடும் கருவி இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கும். எத்தனை கோணத்தில் எத்தனை முறை எடுத்தாலும் பாட்டு ஒன்றே என்பதால் எடிட்டருக்குத் தலைவலி இல்லை. நம் தளங்களில் 'நாகராவைப் போடு' (நாகரா என்பது ஒலிநாடாக் கருவி) என்று குரல் கேட்குமே, அதே வேலைதான். இதிலும் ஒரு நுணுக்கம் தவறும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஆக ஒலிபெருக்கியிலிருந்து 14 மீட்டர் தள்ளி நிற்கும் நடிகருக்குப் பாட்டு ஒரு ஃபிரேம் தாமதமாகப் போய்ச் சேரும், உதடும் ஒரு ஃபிரேம் பின்தங்கும். பெரிய நடனக் காட்சிகளில் ஒலிபெருக்கியைக் கேமரா பக்கத்திலேயே வைத்துவிட்டு 'வாய் சேரவில்லையே' என்று திண்டாடுவதற்குக் காரணம் இதுதான்.

பிளேபேக்கின் உண்மையான குறை வாயசைப்பு அல்ல. பழகிய நடிகர் உதட்டைச் சேர்த்துவிடுவார். மூச்சு சேராது. நிஜமாகப் பாடுபவர் ஒரு நீண்ட வரிக்கு முன்னால் விலா விரிய மூச்செடுப்பார், வரி முடியும்போது கழுத்து நரம்பு தெரியும், உச்ச சுரத்தில் குரல்வளை மேலே ஏறும். வாயசைப்பவர் உடல் அந்த உழைப்பைச் செய்வதில்லை. அதைவிடப் பெரியது இன்னொன்று: நடிப்பின் எல்லா முடிவுகளும் மாதங்களுக்கு முன்னால் இசைக்கூடத்தில், எதிரே யாருமில்லாதபோது எடுக்கப்பட்டுவிட்டன. எந்தச் சொல்லில் தயங்குவது, எங்கே சிரிப்பது என்பது முன்பே உறைந்து போயிருக்கும். எதிரே மேசையில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து ஒரு சொல்லை நீட்ட நினைத்தாலும் முடியாது.

சினாட்ரா இதைத்தான் விரும்பவில்லை. இந்தப் படத்தின் பாட்டுகளைத் தளத்திலேயே எடுக்கலாம் என்று சொன்னவர் அவர். கச்சேரியில் யாராவது இருமுவதும் நாற்காலி இழுபடுவதும் தனக்குப் பிடிக்கும், நிஜமாக நடக்கிறது என்ற உணர்வு அதில்தான் வருகிறது என்பது அவர் கருத்து. இது அவர் வழியாகவே பதிவான செய்தி, அதனால் முறையைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். ஆனால் 'தளத்தில் பாடியது' என்றால் ஒவ்வொரு பாட்டின் ஒவ்வொரு விநாடியும் தொடாமல் அப்படியே படத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒலிக்கலவையின்போது வாத்தியங்களைக் கூட்டுவது, ஒரு வரியை வேறொரு டேக்கிலிருந்து எடுத்து வைப்பது எல்லாம் அன்றும் நடைமுறை. காதால் சோதித்து எது நேரடி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நேரடியாகப் பாடுவது அவ்வளவு நல்லதென்றால் எல்லாரும் ஏன் செய்வதில்லை? முதல் எதிரி தாளவேகம். மூன்று நிமிடப் பாட்டு நிமிடத்துக்கு 72 தட்டில் ஒரு டேக், 74 தட்டில் இன்னொரு டேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் முடிவில் இரண்டும் ஏறக்குறைய ஐந்து விநாடி விலகி நிற்கும். முதல் டேக்கின் குளோசப்பிலிருந்து இரண்டாம் டேக்கின் வைடு ஷாட்டுக்கு வெட்டினால் பாட்டு தடுக்கி விழும். இதற்கு இரண்டே வழி. ஒன்று, இரண்டு மூன்று கேமராவை ஒரே சமயத்தில் ஓடவிட்டு ஒரே டேக்கிலிருந்து எல்லாக் கோணத்தையும் எடுப்பது. அப்படிச் செய்தால் எல்லாக் கோணத்துக்கும் பொதுவாக விளக்கு வைக்க வேண்டும், முகத்துக்கு அழகான வெளிச்சம் கிடைக்காது. மற்றது, வெட்டாமல் நீளமாக ஒரே ஷாட்டில் பாடவிடுவது. அதற்குப் பாடகர் சினாட்ரா மாதிரி இருக்க வேண்டும்.

அடுத்தது கசிவு. பாடகருக்கு வைத்த மைக்கில் டிரம்ஸும் பித்தளை வாத்தியங்களும் விழுந்துவிட்டால் பிறகு குரலைத் தனியாகத் தொட முடியாது, வாத்தியத்தையும் மாற்ற முடியாது. தொழிலில் சொல்லும் கணக்கு மூன்றுக்கு ஒன்று: மைக் வாயிலிருந்து ஒரு அடி என்றால் அடுத்த சத்தம் குறைந்தது மூன்று அடி தள்ளி இருக்க வேண்டும். ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு மூலங்களுக்கு அது சுமார் 9.5 டெசிபெல் இடைவெளி தரும். டிரம்ஸ் குரலைவிடப் பலமடங்கு சத்தமானது என்பதால் மூன்றடி போதாது, குழுவைத் திரைக்குப் பின்னால் தள்ள வேண்டும் அல்லது அடக்கி வாசிக்கச் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் எளிய மாற்று, தளத்தில் பியானோ மட்டும் துணைக்கு வாசிக்க, பெரிய வாத்தியக் குழுவைப் பிறகு அந்தக் குரலின்மேல் ஏற்றுவது. அப்படி ஏற்றும்போது இசை நடத்துநர் திரையைப் பார்த்துப் பாடகரின் ஒவ்வொரு தயக்கத்துக்கும் குழுவை நிறுத்தி ஓடவிட வேண்டும். 2012-ல் வந்த 'லே மிஸராப்ல' படத்தில் காதுக்குள் சிறு கருவி வைத்துப் பியானோவை மட்டும் நடிகருக்குக் கேட்கவிட்டு, குழுவைப் பிறகு சேர்த்தார்கள். 1957-ல் தளத்தில் அப்படிக் காதுக்குள் கருவியை மறைத்து வைக்கும் வழக்கம் இல்லை. பாடகருக்குக் கேட்பது மைக்குக்கும் கேட்கும்.

மூன்றாவது எதிரி கேமராவே. இந்தப் படம் பாரமவுண்டின் விஸ்டாவிஷன் முறையில், கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. சாதாரண 35 மி.மீ. கேமராவில் ஒரு ஃபிரேமுக்கு ஃபிலிம் ஓரத்துத் துளைகள் நான்கின் நீளம், ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். விஸ்டாவிஷனில் ஃபிலிம் படுக்கைவாட்டில் எட்டுத் துளை எட்டுத் துளையாக நகரும், அதாவது நிமிடத்துக்கு 180 அடி. 1,000 அடிச் சுருள் ஐந்தரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரட்டை வேகம் என்றால் சத்தமும் கூடுதல், அதனால் கேமராவைக் கனமான ஒலித்தடுப்புக் கூட்டுக்குள் அடைத்தே வசனக் காட்சி எடுக்க முடியும். பாட்டின் மெல்லிய முதல் வரியில் பக்கத்திலேயே கேமரா முரமுரத்தால் எல்லாம் வீண். கேமராவைத் தள்ளி வைத்து நீண்ட லென்ஸ் போடுவது, குரல் உயரும் இடத்தில் மட்டும் கேமராவை நெருங்கவிடுவது என்று சமாளிப்பார்கள். நான்காவதாகத் தொண்டை. காலை ஒன்பது மணிக்கு ஒரு காதல் பாட்டை முழுக் குரலில் பத்துப் பன்னிரண்டு முறை பாடச் சொன்னால் நான்காவது டேக்குக்கு மேல் குரலின் பளபளப்பு போய்விடும்.

இவ்வளவு இடைஞ்சலிலும் இந்தப் படத்துக்கு ஒரு வசதி இருந்தது. கதை நடக்கும் இடம் இரவு விடுதி. பாடகர் ஒரே இடத்தில் மேடையில் நிற்கிறார், பாடுவது கதைக்குள்ளேயே பாடுவது, பின்னால் குழு தெரிந்தாலும் தப்பில்லை, மைக் தெரிந்தாலும் காட்சிக்குப் பொருந்தும். தெருவில் நடந்துகொண்டே பாடும் படத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. 1964-ல் 'மை ஃபேர் லேடி'யில் ரெக்ஸ் ஹாரிசன் நேரடியாகத்தான் பாடுவேன் என்று பிடிவாதம் பிடித்தபோது, கழுத்துப் பட்டைக்குள் கம்பியில்லா மைக்கை மறைக்க வேண்டியதாயிற்று. நம் படங்களிலும் 1930-களில் நடிகர்கள் தளத்திலேயே பாடியதுதான் வழக்கம், வாத்தியக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாமல் மரத்தின் பின்னே உட்கார்ந்து வாசித்தார்கள். 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிக் குரல் வந்தபோது எல்லாருக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். அது கருவி போதாமல் செய்தது, சினாட்ரா செய்தது கருவி இருந்தும் வேண்டாம் என்று தேர்ந்தது. இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

விடுதிக் காட்சியில் இன்னொரு சங்கதி உண்டு, கூட்டம். வழக்கமாகத் துணை நடிகர்களை வாய்திறக்காமல் பேசுவதுபோல அசையச் சொல்வோம், கைதட்டுவது கூடக் கை படாமல். மேசை விரிப்புக்கு அடியில் தடித்த கம்பளித் துணி, நாற்காலிக் காலுக்கு ஒட்டுத் துணி, கண்ணாடி டம்ளரில் நிஜ ஐஸ் போட்டால் கிணுகிணுக்கும் என்று பிளாஸ்டிக் கட்டிகள், செருப்பின் அடியில் ரப்பர். கூட்டச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து பிறகு சேர்த்துக்கொள்வோம். சத்தம் இருந்தால்தான் நிஜம் என்று பாடகரே சொல்லும்போது ஒலிப்பதிவாளர் நிலைமை சங்கடம். ஒரு டேக்கில் இருமல் விழுந்த இடமும் அடுத்த டேக்கில் இருமல் விழாத இடமும் ஒட்டாது. அதனால் நீண்ட டேக்குகள் இன்னும் அவசியமாகின்றன. இந்தப் படத்தின் மேடைக் காட்சிகள் அவசரமில்லாமல், அடிக்கடி வெட்டாமல் போவதற்கு ஒலிதான் காரணம் என்பது என் கணிப்பு. விடோரின் ரசனையும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம்.

நீங்களே சோதித்துப் பார்க்க நல்ல ஹெட்ஃபோன் ஒன்று போதும். முதல் சோதனை, பேச்சு பாட்டாக மாறும் மூட்டு. பாடகர் மேடையில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பாடத் தொடங்கும்போது அறையின் எதிரொலி மாறுகிறதா என்று கேளுங்கள். பிளேபேக்கில் அந்த இடத்தில் ஒரு கதவு சாத்தியதுபோல அறை மாறிவிடும், பின்னணி இரைச்சல் சட்டென்று விழும், குரல் திடீரென்று முகத்துக்கு நேரே வரும். நேரடிப் பதிவில் அறை அப்படியே தொடரும். மற்ற எந்தச் சோதனையையும்விட இது நம்பகமானது. இரண்டாவது, தலை திரும்பும்போது 'ஸ', 'ச' ஒலிகள் மங்குகின்றனவா என்பது. குரலின் உயர் அதிர்வெண்கள் பெரும்பாலும் வாய்க்கு நேரேதான் பாயும். தலை 60 பாகை திரும்பியும் அவை மங்கவில்லையென்றால் அது இசைக்கூடத்துக் குரல். மூன்றாவது, மூச்சு. சினாட்ரா டாமி டார்ஸியின் டிராம்போன் வாசிப்பைப் பார்த்து நீண்ட மூச்சைப் பழகியவர், எங்கே மூச்செடுக்கிறார் என்பதே தெரியாமல் வரிகளை இணைப்பார். அப்படிப்பட்டவர் மூச்செடுக்கும் இடம் திரையில் தெரிந்து, அதே ஃபிரேமில் காதுக்கும் கேட்டால் ஐயமே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: சில டிஜிட்டல் பிரதிகளில் இரைச்சலை நீக்குகிறேன் என்று அறைச் சத்தத்தையே துடைத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பிரதியில் முதல் சோதனை பலிக்காது.

இசைத்தட்டு வேறு மாதிரி கேட்பதற்கு வருகிறேன். தட்டில் நீங்கள் கேட்பது கேபிடல் நிறுவனத்துக்காக 1957 ஆகஸ்ட் 13-ல், நெல்சன் ரிடிலின் வாத்திய அமைப்பில் தனியாகப் பாடியது. படத்திலிருந்து எடுத்தது அல்ல. அங்கே நரம்பு வாத்தியங்கள் குரலுக்குக் கீழே மெத்தைபோல விரிந்திருக்கும், மைக் நெருக்கம். படத்தில் அதே பாட்டு ஒரு மேடையின் அளவுக்குள் இருக்கிறது. அதோடு அக்காலத் திரையரங்குகளின் ஒலி அமைப்பு உயர் அதிர்வெண்களைத் திட்டமிட்டே தணித்தது, 8 கிலோஹெர்ட்ஸில் சுமார் 18 டெசிபெல் வரை. ஃபிலிம் ஓரத்தில் ஒலியை அச்சிட்டிருக்கும் ஒளித்தடத்தின் இரைச்சலை மறைக்கச் செய்த ஏற்பாடு அது. அந்தக் காதுக்காகக் கலக்கப்பட்ட ஒலியை வீட்டில் கேட்டால் ஒன்று மந்தமாகவோ அல்லது கரடாகவோ இருக்கும். சுருதி ஏறியிருப்பது உங்கள் காதின் பிழை அல்ல. நொடிக்கு 24 ஃபிரேம் படத்தை ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்காக 25 ஃபிரேமில் ஓட்டி மாற்றிய பிரதிகள் நிறைய சுற்றுகின்றன. அவற்றில் எல்லாமே 4 சதவீதம் வேகமாகும், சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு உயரும். கண்டுபிடிப்பது சுலபம்: படத்தின் நீளம் 126 நிமிடம். உங்கள் பிரதி 121 நிமிடத்தில் முடிந்தால் இதுதான் காரணம். வேகத்தை 0.96-ஆகக் குறைத்து, சுருதியைப் பிடித்து வைக்கும் வசதியை அணைத்துவிட்டுக் கேளுங்கள், குரல் தன் இடத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகும் சுருதி வேறாக இருந்தால் மட்டுமே தட்டையும் படத்தையும் ஒப்பிட்டுப் பேசலாம்.

இன்னொன்றும் கேட்கத் தகுந்தது. 'ஆல் த வே' பாட்டுக்கு இசையமைத்த ஜிம்மி வான் ஹூசனும் வரிகள் எழுதிய சாமி கானும் 1958-ல் ஆஸ்கர் வாங்கினார்கள், அதனால் எல்லாரும் அதையே பேசுகிறார்கள். ஒலிக்காகப் பார்ப்பவர் கவனிக்க வேண்டியது லூயிஸ் கத்தியால் வெட்டுப்பட்ட பிறகு வரும் மேடைப் பகுதிகளை. குரல் போன மனிதன் பாட முயன்று உடைவதையும், பிறகு பாட்டுகளைக் கேலி வரிகளால் நிரப்பிப் பாதி பேசிப் பாதி பாடிக் கூட்டத்தைப் பிடிப்பதையும் முன்கூட்டிப் பதிவு செய்த ஒலிக்கு வாயசைத்து நடிக்கவே முடியாது. நகைச்சுவையில் நேரம் கூட்டத்தின் கையில் இருக்கிறது. சிரிப்பு அடங்கும் அந்த அரை விநாடியை மாதங்களுக்கு முன்பே இசைக்கூடத்தில் நிர்ணயிக்க யாராலும் ஆகாது. நேரடிப் பதிவு படத்துக்குச் செய்த பெரிய உதவி பாட்டில் இல்லை, இந்தப் பகுதிகளில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கிழிபட்ட தொண்டையின் கரகரப்பை சினாட்ரா மிகையாகச் செய்யாமல் விட்டதையும் கவனியுங்கள். நிஜமாகக் கரகரத்துப் பாடினால் இரண்டே டேக்கில் அவர் குரலே போய்விடும். மூச்சைக் கூடுதலாகக் கசியவிட்டு, ஒலியளவைக் குறைத்து, வரியின் கடைசிச் சொல்லைப் பேச்சாக இறக்கிவிடுவதுதான் பாதுகாப்பான வழி.

நீங்களும் ஒரு குறும்படத்துக்கு இப்படி முயன்று பார்க்கலாமா? தாராளமாக. பாடகரின் காதுக்குள் சிறு கருவி, அதில் கீபோர்டு மட்டும். குழுவைப் பிறகு ஏற்றுங்கள். தாளவேகத்தைப் பூட்ட வேண்டுமென்றால் கீபோர்டுக்காரருக்கு மட்டும் கிளிக் (தாளத்தைக் காட்டும் தட்டு ஒலி) கொடுங்கள், பாடகருக்கு வேண்டாம். அவர் கிளிக்கைத் துரத்தத் தொடங்கினால் நேரடியாகப் பாடுவதில் பயனே இல்லை. பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மெல்லிய வரிக்கும் முழுக் குரலுக்கும் 20 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் வரும் என்பதால் உச்சம் பதிவுக் கருவியின் அளவுகோலில் -12 டெசிபெல்லைத் தாண்டாமல் வைத்து, அதே மைக்கை இன்னொரு தடத்தில் 10 டெசிபெல் குறைத்தும் பதிவு செய்யுங்கள். முதல் தடம் வெடித்தால் இரண்டாவது காப்பாற்றும். தலைக்கு மேல் பூம் (நீண்ட கம்பில் தொங்கும் மைக்), காலருக்குள் லேப்பல் (உடையில் செருகும் சிறு மைக்) இரண்டும் வேண்டும். லேப்பலை நெஞ்செலும்பின் மேல் வைத்தால் குரல் அமுங்கும், உடை உரசும். கழுத்துப் பட்டை முடிச்சுக்குள் அல்லது தலைமுடி ஓரத்தில் வைப்பது மேல்.

எடுக்கும் வரிசையை வழக்கத்துக்கு மாறாக வையுங்கள். வைடு ஷாட்டில் தொடங்காமல், குரல் புதிதாக இருக்கும்போதே குளோசப்பை இரண்டு கேமராவில் எடுங்கள், அதிகம் போனால் நான்கு டேக். அங்கேயே உட்கார்ந்து கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த டேக்கையே பிளேபேக்காக ஓடவிட்டு மற்றக் கோணங்களை எடுத்தால் தாளவேகத் தொல்லை முழுக்கத் தீர்ந்தது, உயிருள்ள குரலும் கையில் இருக்கிறது. தன் மூச்சுக்கே தான் வாயசைப்பதால் பாடகருக்கும் சேரும். இடத்தைக் காலி செய்வதற்கு முன் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, விளக்குகள் எரிய, ஏசி எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில், ஒரு நிமிட அறைச் சத்தம் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒட்டுப் போடும் இடத்திலெல்லாம் அதுதான் அடியில் ஓட வேண்டும், பிறகு தேடினால் கிடைக்காது.